துணியா, டயபரா: தாம்பரத்துக் கடையில் கேட்டவை

பிறந்த குழந்தைகளுக்குத் துணி விற்கும் தொழிலில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு: போட்டுக்கொள்ளப் போகிறவர் வாய் திறந்து குறை சொல்ல மாட்டார், அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒருநாளும் ஒத்துப்போக மாட்டார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் போகும் சந்து ஒன்றில், எண்பதுகளின் நடுவில், நானும் என் கணவரும் அந்தக் கடையைத் தொடங்கினோம். குல்லா, கால் உறை, ரப்பர் ஷீட், குடை மாதிரி விரிகிற கொசுவலை என்று எல்லாம் வைத்திருந்தாலும் கடையை ஓட்டியது முக்கோணத் துணிதான். மெல்லிய பருத்தித் துணியை முக்கோணமாக வெட்டி, முனைகளில் நாடா வைத்துத் தைத்தது. சேலையூரிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் வீட்டிலேயே தைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். என்னைவிட இளையவள். அவள் கொண்டுவரும் மூட்டை மூன்று நான்கு நாளில் காலியாகிவிடும்.

கைக்குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் கூடத்துக்குக் குறுக்கே கொடி கட்டி, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, பார்க்க வந்த விருந்தாளி தலையில் ஈரத்துணி தட்டத் தட்டக் காபி கொடுத்தவர்கள்தானே நீங்களும். எனக்கு அந்த அனுபவம் அப்போது கிடையாது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தானோ என்னவோ, வாங்க வருகிறவர்களிடம் தோண்டித் துருவிக் கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. 'உனக்கு வியாபாரத்தைவிட விசாரணைதான் முக்கியம்' என்று என் கணவர் சொல்வார். அந்த விசாரணையில் தெரியவந்தவை இவை.

கத்தரிக்கோலால் பார்த்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நண்பகல். ஜி.எஸ்.டி. ரோட்டு வெயிலில் டை கட்டிக்கொண்டு நடந்து வந்த ஒரு இளைஞர் கடைக்குள் நுழைந்தார். பெயர் ரவிச்சந்திரன், ஒரு டயபர் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் அதில் நீல இங்க்கைக் கலந்து, மேஜைமேல் விரித்து வைத்த டயபரில் மெதுவாக ஊற்றினார். பிறகு ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் அழுத்தி எடுத்துக் காட்டினார். துளி நீலம் இல்லை. கறிகாய்ப் பையோடு போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்றுவிட்டார்கள். நான் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொன்னேன். அதையும் குடித்தது. மூன்றாவது டம்ளரோடு நான் வந்தபோது ரவிச்சந்திரன், "போதும் மேடம், குழந்தை அவ்வளவு போகாது" என்றார்.

அன்றைக்கு ஸ்டெல்லாவும் தைத்த மூட்டையோடு வந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். வேடிக்கை பார்த்த மற்றவர்களைப் போல அவளால் சிரிக்க முடியாதுதான், அவள் வீட்டு அடுப்பு அந்த முக்கோணத் துணியில்தான் எரிந்தது. ரவிச்சந்திரன் போனதும், "கத்திரிக்கோலக் குடுங்க" என்று வாங்கி, நனைந்த டயபரை நீளவாக்கில் வெட்டினாள். உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று. அதற்குள் ஊறிப்போன ஜவ்வரிசி போல வழவழவென்று நீல மணிகள். விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். நானும் உருட்டிப் பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இதுல துணியே இல்லியேக்கா. இத எதுக்குத் துணிக்கடையில கொண்டாந்து குடுக்கறாங்க? மளிகைக் கடையில ஜவ்வரிசி பக்கத்துல வெச்சாத்தான சரி?"

அனுபவம் இல்லாதவர்

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பிரசவ விடுப்பு முடியப் போகிறது, தெருக்குழாயில் தண்ணீர் வருவது நின்று லாரியை நம்பியிருக்கிறார்கள், அம்மா துணிதான் என்கிறார், தங்கை டயபர்தான் என்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "உங்க அனுபவத்துல எது நல்லது, சொல்லுங்க" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பல நாள் மழுப்பியிருக்கிறேன். அன்றைக்கு என்னவோ நேராகச் சொல்லிவிட்டேன்: எனக்குக் குழந்தை இல்லை, கல்யாணமாகி வெகுநாள் ஆகிவிட்டது, எனக்கு அனுபவம் கிடையாது என்று. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்பது எனக்குப் பழக்கம்: ஒரு டாக்டர் பெயர் சொல்வார், அல்லது ஒரு கோயில் பெயர் சொல்வார். டீச்சர் இரண்டும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப நீங்கதான் சரியான ஆள். பெத்தவங்க எல்லாரும் தான் செஞ்சதுதான் சரின்னு சாதிப்பாங்க. மத்தவங்க சொன்னதையெல்லாம் கேட்டு வெச்சிருப்பீங்களே, அதச் சொல்லுங்க."

ஊருக்குப் போகும்போது மட்டும்

முதல் இரண்டு மூன்று வருடம் டயபர் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஊருக்குப் போறோம், அதுக்குத்தான்." கல்யாணத்துக்கு, குலதெய்வம் கோயிலுக்கு, ரயிலுக்கு. சொந்த வீட்டை நனைத்தால் பரவாயில்லை, ஊரார் வீட்டை நனைக்கக் கூடாது என்பதுதான் அப்போதைய நாகரிகம்.

கிழக்குத் தாம்பரம் காலனி ஒன்றிலிருந்து வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் வந்து, டெல்லி ரயிலில் நாக்பூருக்குப் போவதற்காக ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததும் கடைக்கு வந்தார்கள். எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்டேன். குழந்தை ஒரு தடவைகூட விழிக்கவில்லை, அசைந்துகூடக் கொடுக்கவில்லை என்றார் அவர். "நீங்களும் நல்லாத் தூங்கியிருப்பீங்களே" என்றேன். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார், கணவர் தரையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளே சொன்னார்: "எங்க தூங்கறது? நனையலையே, நனையலையேன்னு மாத்தி மாத்தித் தொட்டுப் பாத்துக்கிட்டே போனோம். டெல்லி வண்டியில அன்னிக்குத் தூங்கினது எங்க பாப்பா மட்டும்தான்."

ரேக்கில் ஒரு மஞ்சள் பை

குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் மாதாமாதம் வந்து டயபர் வாங்குவார். கோட்டைப் பக்கம் ஏதோ அலுவலகத்தில் வேலை. ஒரு நாள் வந்து இரண்டு டஜன் முக்கோணத் துணி கேட்டார். என்ன திடீரென்று மாறிவிட்டீர்கள் என்று நான் விசாரணையைத் தொடங்கினேன். கொஞ்சம் தயங்கி, பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் அம்மாவுக்கு டயபர் பிடிக்காது. அதைக் கட்டினால் குழந்தைக்குக் கால் வளைந்துவிடும் என்று உறுதியாக நம்பினார். கணவனும் மனைவியும் தங்கள் அறைக்குள் ரகசியமாகக் கட்டி, விடிந்ததும் துணிக்கு மாற்றிவிடுவார்கள். கழற்றியதை என்ன செய்வது? வீட்டுக் குப்பையில் போட முடியாது. செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டி, ஒரு மஞ்சள் பையில் வைத்து, இவர் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ரயில் ஏறுவார். ஒரு நாள் வண்டி வந்துவிட்ட அவசரத்தில் பையோடு ஏறிவிட்டார். ரேக்கில் வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாம்பலம் தாண்டியதும் யாரோ, "இந்தப் பை யாருது?" என்று கேட்டார்கள். ஆளில்லாத பையைப் பார்த்தால் எல்லோரும் நடுங்கிய காலம் அது. எதிர் இருக்கையில் அவருடைய மேலதிகாரி. இவர் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து நகர ஆரம்பித்தார்கள். மேலதிகாரியும் எழுந்து நகர்ந்தார். இவரும் கூட நகர்ந்தார்.

அடுத்த ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, லத்தியால் பையை மெதுவாக இழுத்தார். அது தொப்பென்று கீழே விழுந்தது. கதவோரம் நின்ற பெண் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாளாம். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் இவர் முன்னால் போய், "என்னோடதுதான் சார்" என்றார். போலீஸ்காரர் ஒரு முனையைப் பிரித்துப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பொட்டலத்தை இவர் பக்கம் லத்தியாலேயே தள்ளினார்: "இது வெடிச்சு முடிஞ்சிடுச்சு சார். எடுத்துகினு போங்க."

முருகேசன் கற்றுக்கொண்டது

ஒரு காலையில் காக்கிச் சட்டை போட்ட ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் கடைக்கு வந்தார். தோளில் ஒரு சின்னக் குழந்தை. அதைச் சுற்றியிருந்ததும் ஒரு காக்கிச் சட்டைதான். பெருங்களத்தூர், பெயர் முருகேசன். "கட்டத் தெரியாதவங்க கட்ற மாதிரி ஐட்டம் எதுனா கீதுங்களாக்கா?" என்று கேட்டார். விசாரித்தேன். பிரசவமான சில நாளிலேயே மனைவி வசந்தாவுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டு, பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தையை உடன் வைத்துக்கொள்ள விடவில்லை. இரண்டு பக்கத்திலும் வந்து இருக்கப் பெரியவர்கள் யாரும் இல்லை. அவர் சவாரிக்குப் போகும் நேரம் அடுத்த வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறார், மற்ற நேரம் இவர்தான். நான் டயபர் பாக்கெட் ஒன்றைக் கொடுத்து, ஒட்டுவது எப்படி என்று காட்டி அனுப்பினேன்.

சில நாளில் திரும்பி வந்தார். பாக்கெட்டில் பாதி அப்படியே இருந்தது. துணி வேண்டும் என்றார். எனக்கு ஆச்சரியம். தனி ஆள், யார் துவைப்பது? "தொவைக்கறது இன்னாக்கா, தெனம் வண்டியக் கழுவறேன், அதோட இதையும் கழுவிட்டுப் போறேன்" என்றார். அவர் கொடியில் துணி காயப்போடுவதைப் பார்ப்பதற்கென்றே தெருப்பெண்கள் வாசலுக்கு வருகிறார்களாம், ஸ்டாண்டில் கூட்டாளிகள் 'ஆயா' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பிறகு ஏன் டயபர் வேண்டாம்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதக் கட்டுனா எப்பப் போச்சு, இன்னா வேணும்னே தெரில. கம்முனு படுத்துகினு கீது. ஆஸ்பத்திரில ஒர்த்தி கம்முனு படுத்துகினு கீறா, இதுவும் கம்முனு இருந்தா எனக்கு பயமா கீதுக்கா. துணின்னா நனைஞ்சதும் என்னியக் கூப்புடுது" என்றார். நான் கடை பொம்மையை எடுத்து மேஜைமேல் படுக்கவைத்து, நாடா கட்டுவதை மெதுவாகக் காட்டினேன். பொம்மைக்குக் கட்டித்தான் எனக்கும் பழக்கம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் வெகுநாள் அவர் வரவில்லை. ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம் ஆட்டோ வரிசையில் முகம் முகமாகப் பார்ப்பேன். அந்த ஆஸ்பத்திரிச் செய்தி என்னவாயிற்று என்று யாரிடமும் கேட்கத் தைரியம் இல்லை. ஒரு நாள் கடை வாசலில் ஆட்டோ நின்றது. முருகேசன் இறங்கினார், பின்னால் இருந்து அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு ஒல்லியான பெண் இறங்கினாள். வசந்தா. குழந்தை அவர் தோளில்தான் இருந்தது. அவள் ஓரடி தள்ளியே நின்றாள். வந்த இடத்தில் குழந்தை நனைத்துவிட்டது. முருகேசன் அதை மேஜையில் கிடத்தி, புதுத் துணி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நாடாவ இறுக்காத, ரெண்டு வெரல் வுடு" என்று அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, கடை அதிரக் குழந்தை அழ, அவள் கட்டி முடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நின்ற பிறகு என்னிடம் சொன்னாள்: "பெத்தது நான்தான்க்கா. அது அழுவறது எதுக்குன்னு இவுரக் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கறேன்."

துவைத்துத் தரும் கம்பெனி

அமெரிக்காவிலிருந்து பிள்ளையோடு வந்திருந்த ஒரு பெண் தன் அம்மாவுடன் வந்தாள். பார்த்ததுமே நான் டயபர் இருந்த தட்டுக்குக் கையை நீட்டினேன். "அது வேண்டாம், காட்டன் துணி இருக்கா?" என்றாள். இங்கே எல்லோரும் அதற்கு ஆசைப்படும்போது, அங்கேயே இருப்பவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். டயபர் மண்ணில் மக்காது, மலை மலையாகச் சேருகிறது, யோசிக்கிறவர்கள் அங்கே துணிக்குத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று பொறுமையாக விளக்கினாள். "நீங்க வேலைக்கும் போறீங்க, எப்படித் துவைச்சு முடியுது?" என்றேன். அதற்கென்றே கம்பெனி இருக்கிறது, வண்டி வந்து அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு, துவைத்ததை வைத்துவிட்டுப் போகும் என்றாள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அம்மா, துணிகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "அந்தக் கம்பெனி இங்கயும் இருக்கும்மா. வண்டிதான் கிடையாது. நான் நடந்துதான் வரேன்."

டெமோ

தொண்ணூறுகளின் நடுவில் டயபர் விற்பனை சூடு பிடித்துவிட்டது. ஸ்டெல்லாவின் மூட்டை பாதியாகச் சிறுத்துவிட்டது. அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்க ஆர்டர் பிடித்துக்கொண்டாள், முக்கோணத் துணியைக் கேட்கிறவர்களுக்கு மட்டும் தைத்தாள். ரவிச்சந்திரனுக்குக் கம்பெனியில் பதவி உயர்ந்து, நடை போய் ஸ்கூட்டர் வந்திருந்தது.

அப்படி ஒரு நாள் வந்தவர் ஆர்டர் எடுத்து முடித்த பிறகும் போகாமல் நின்றார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது எங்களுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, "ஒரு டஜன் துணி வேணும் மேடம். ஒய்ஃப் நம்ம பிராடக்டைத் தொட மாட்டேங்கறாங்க" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு மூட்டையோடு வந்திருந்த ஸ்டெல்லா ஏற்கெனவே துணியை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். மேஜையில் வைத்து, அவரை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டாள்: "டெமோ காட்டட்டுமா சார்? இங்க் பாட்டில் உள்ள இருக்குது."

பந்த் நாளில்

நாங்கள் எதிர்பார்ப்பதையே நிறுத்திவிட்ட பிறகு எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. செய்தி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நீங்க எது கட்டப் போறீங்க?" இத்தனை வருடம் நான் விசாரித்ததற்கு அவர்கள் வட்டியோடு விசாரித்தார்கள். என் அம்மா மட்டும் ஒரே பிடிவாதமாக இருந்தார்: பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கு ஒரு நூல்கூட வீட்டுக்குள் வரக் கூடாது. கடை நிறைய இருந்தும் வீட்டில் ஒன்றுமில்லை. நானும் மறுக்கவில்லை. அவ்வளவு காலம் காத்திருந்தவளுக்கு எந்தச் சாஸ்திரத்தையும் மீறத் துணிவு வராது.

குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. அன்றைக்கு பந்த். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் நர்சிங் ஹோமில் கொண்டுவந்து விட்டார். பெண் பிறந்தது. எடை குறைவு, ஆனால் அழுகை பலம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். என் கணவர் துணி எடுத்து வர ஓடினார். சந்து முனையில் கூட்டம் நின்றுகொண்டு ஒரு ஷட்டரையும் தூக்க விடவில்லை. தன் கடைக்கு எதிரிலேயே அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். இங்கே என் மகள் ஆஸ்பத்திரி பச்சைத் துணியை நனைத்துவிட்டாள், மாற்ற ஒன்றுமில்லை. அடுத்த கட்டிலில் பொத்தேரியிலிருந்து வந்த ஒரு பெண், அது அவளுக்கு மூன்றாவது பிரசவம். என் அம்மா கையைப் பிசைவதைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துண்டுகளில் ஒரு கை நிறைய எடுத்துக் கொடுத்தாள். பஞ்சு போல இருந்தது. முக்கோணமும் இல்லை, நாடாவும் இல்லை. நானே மடித்துக் கட்டினேன். பொம்மை கால் உதைக்காது, இது உதைத்தது. இரண்டு தடவை அவிழ்ந்து, மூன்றாவது தடவை நின்றது. கட்டிக்கொண்டே, நன்றி சொல்லும் விதமாக, தாம்பரத்தில் எனக்குக் குழந்தைத் துணிக்கடை இருக்கிறது, நீங்கள் வந்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் அந்த வேட்டித் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வெகு பரிவாகச் சொன்னாள்: "நீங்க கொஞ்சம் தூங்குங்கக்கா, அப்புறம் பேசிக்கலாம்."

துணியா, டயபரா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் குழந்தையைப் பார்ப்பதில்லை, துவைக்கப் போகிறவர் யார் என்று, உடன் வந்திருப்பவர்களின் முகங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.